'ஹாட்' எங்கே வேண்டும்?

ஆங்கிலக் கட்டுரை நோட்டு திருத்தப்பட்டுத் திரும்பும்போது எங்கள் கண்ணில் முதலில் படுவது, சிவப்பு மையால் அடிக்கப்பட்ட 'ஹாட்' என்னும் சொல்தான். 'ஐ ஹாட் கான் டு மதுரை யெஸ்டர்டே' என்று எழுதுகிறோம். ஆசிரியை 'ஐ வென்ட்' என்று திருத்துகிறார். வீட்டில் கவனக்குறைவு என்று கடிந்துகொள்கின்றனர். எங்கள் கருத்து வேறு. இது கவனக்குறைவால் வரும் பிழையன்று. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வருவது.

"நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்" என்பது நல்ல தமிழ். போய்த் திரும்பினேன் என்று பொருள். அதை அப்படியே பெயர்க்கும்போது 'ஹாட்' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் நேற்று நடந்ததைச் சொல்ல 'சிம்பிள் பாஸ்ட்' போதும். கடந்துபோன ஒரு நேரத்தையோ நிகழ்ச்சியையோ மனத்தில் வைத்து, அதற்கும் முந்தியதைக் குறிக்கவே 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' வேண்டும்.

அப்படியானால் 'ஹாட்' என்பதையே விட்டுவிடலாமா? கூடாது. வகுப்பில் ஒரு பூந்தொட்டி உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். 'வென் தி பாட் ப்ரோக், ஷி லெஃப்ட்' என்றால், தொட்டி உடைந்ததும் அவள் வெளியேறினாள். 'ஷி ஹாட் லெஃப்ட்' என்றால், உடையும் முன்பே அவள் போய்விட்டாள். ஒரு சிறு சொல்லை விட்டால் குற்றமற்ற தோழிமேல் சந்தேகம் விழுகிறது, சேர்த்தால் நீங்குகிறது. இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டுமா? உண்மையை உள்ளபடி சொல்வதற்கும் அல்லவா!

அதேசமயம், அச்சத்தால் எங்கும் 'ஹாட்' தூவ வேண்டியதில்லை. 'ஆஃப்டர்', 'பிஃபோர்' முதலிய சொற்களே முன்பின்னைக் காட்டிவிடும்போது சிம்பிள் பாஸ்டே போதும். 'ஆஃப்டர் தி பெல் ராங், வி வென்ட் ஹோம்' என்பதில் பிழை ஏதும் இல்லை. நிகழ்ந்த வரிசையிலேயே கதை சொன்னாலும் அப்படியே.

ஆகவே, கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி மட்டும் போதாது என்பது எங்கள் கருத்து. தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, இரண்டும் பிரியும் இடத்தைக் காட்டும்படி ஆசிரியைகளை அன்புடன் வேண்டுகிறோம். ஆங்கிலம் அறியாத அன்னையரும் எங்களுக்கு உதவலாம். "எது முதலில் நடந்தது?" என்று தமிழிலேயே கேளுங்கள். விடை தெளிவானால் 'ஹாட்' தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.