மடை காப்போர்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைத்தொடர் மதில்போல் உயர்ந்து நிற்கின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அம்மலையிற் பெய்யும் மழை ஓடைகளாய்ப் பெருகிக் கிழக்கு நோக்கி விரைந்து வரும். ஆயினும் ஆண்டு முழுதும் நீர் ஓடும் பேராறு இப்பகுதியில் இல்லை. வைப்பாறும் அதன் கிளைகளும் மழைக்காலம் நீங்கினால் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். சின்னாள் ஓடும் வெள்ளத்தைத் தேக்கிப் பன்னாள் பயன்கொள்ள முன்னோர் அமைத்தவையே கண்மாய்கள். ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாயைச் சென்று சேருமாறு அவற்றைத் தொடராக அமைத்தனர்.

கண்மாயை வெட்டியவர் புகழப்படுகின்றனர்; நாள்தோறும் காப்பவரை நினைப்பார் இலர். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடையர் என இடந்தோறும் வெவ்வேறு பெயரால் அவர் வழங்கப்படுவர். மடமையுடையவனைக் குறிக்கும் மடையன் என்னும் சொல்லோடு இதனை ஒன்றெனக் கருதி நகைப்பார் உளர். ஒலி ஒன்றேயாயினும் இது மடை என்னும் சொல்லடியாகப் பிறந்தது.

அவர் தொழில் எளியதன்று. மழைக்கு முன்பே வரத்துக்காலின் அடைப்பை நீக்க வேண்டும். நள்ளிரவில் வெள்ளம் வரினும் கரைமேல் நின்று கசிவு பார்க்க வேண்டும். எவ்வயலுக்கு எத்துணை நாழிகை நீர் என்பதை, நிலமுடையார் முகம் நோக்காது, முறை வழுவாமற் பகிர வேண்டும். நீர் குறைந்த ஆண்டில் இம்முறை தவறினால் ஊரில் பகை மூளும்.

நீரைக் காப்பவர் மண்ணையும் காக்கின்றார். மலைச்சரிவினின்று அரித்து வரப்படும் மண், கண்மாயில் வண்டலாகப் படிகின்றது. கோடையில் உழவர் அதனை அள்ளி வயலில் இட்டனர். கண்மாய் ஆழமாயிற்று, வயல் உரம் பெற்றது. எங்கே அள்ளலாம் என்பதை நீர்ப்பாய்ச்சி அறிவார். கரையடியில் தோண்டினால் கரை வலுவிழக்கும். மடையின் மட்டத்திற்குக் கீழே தோண்டினால் அக்குழியின் நீர் வயலுக்குப் பாயாது.

இவர்க்கு ஊதியம் களத்தில் அளக்கும் நெல்லே. அதற்குச் சுதந்திரம் என்று பெயர். இன்று நாட்டு விடுதலையைக் குறிக்கும் சொல்லும் அதுவே! கிணறுகள் பெருகக் கண்மாயின்மேல் இருந்த கருத்துக் குறைந்தது, நெல்லளப்பும் அருகிற்று. குடிமராமத்தைக் கட்டாயமாக்கச் சென்னை மாகாணத்திற்கென 1858-இல் சட்டம் வந்தது. பாசனத்தை உழவர் சங்கங்களிடம் ஒப்படைக்கும் சட்டம் 2000-இல் தமிழகத்தில் இயற்றப்பட்டது. 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டது. வண்டலைக் கட்டணமின்றி அள்ளவும் உழவர்க்கு இசைவு கிடைத்தது. இவை நன்றே. ஆயின் மண்ணள்ளும் இயந்திரம் சில நாட்களில் வேலையை முடித்துச் சென்றுவிடும். எஞ்சிய நாட்களில் மடையருகே நிற்பவர் யாவர்?

பொறியியல் கற்றோர் இருக்க இவர் எதற்கு என வினவலாம். கரையின் உயரத்தையும் மதகின் அளவையும் பொறியாளர் கணக்கிடுவார். எவ்விடத்தில் கரை ஆண்டுதோறும் கசிகின்றது என்பதை நீர்ப்பாய்ச்சியே காட்டுவார். இருவரும் உடன்நின்று பணிபுரிதல் வேண்டும். இத்தொழிலைப் பிறப்பால் ஒரு குடிக்கே உரியதாக்குவது இனி ஏலாது. விரும்பும் இளைஞர் எவரும் முதியவரிடம் இதனைக் கற்கலாம். பாசனச் சங்கங்கள் இவர்க்கு முறையான ஊதியம் வகுத்தல் வேண்டும். ஆவணியில் வரத்துக்காலைச் சீர்செய்தாலன்றி ஐப்பசி வெள்ளம் கண்மாய்க்கு வந்து சேராது. ஆதலின் அவ்வூதியத்தை அறுவடை வரை நிறுத்தாது திங்கள்தோறும் அளிப்பதே தக்கது.