70 வளைவு ஏறுமா, அந்தச் சென்னை கார்?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், செம்மேடு, சோளக்காடு பக்கம் இருப்பவர்கள் பழைய கார் பார்க்க நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோதான் இறங்க வேண்டும். விலை படிந்தால் சென்னை வரைகூடப் போகிறார்கள். சமவெளி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, 'வண்டி சூப்பர்' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவதில்தான் சிக்கல்.

மலை என்றதும் குளிரைத்தான் நினைப்போம். ஊட்டி மாதிரி உறைபனி கொட்டும் ஊரல்ல இது. ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால், கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டி, முதல் இரண்டு கியர்களில் நெடுநேரம் ஏறும்போது சூடாகி நின்றுவிடலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் துருத் தண்ணீர் தெரிந்தால், அடுத்த வண்டியைப் பார்க்கலாம். பேட்டரியின் வயதையும் கேளுங்கள். வெயிலில் பாதி உயிர் போன பேட்டரி, சென்னையில் சமாளித்துவிடும். மார்கழி அதிகாலையில் மலை மேல் முரண்டு பிடிக்கும்.

'ஏசி வேலை செய்யாது, அதனால் விலையைக் குறைத்துத் தருகிறேன்' என்பார் விற்பவர். மலையில் ஏசி எதற்கு என்று நமக்கும் தோன்றும். ஆனால், அதை நம்ப வேண்டாம்! மழையிலும் பனிமூட்டத்திலும் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து, எதிரே வரும் பஸ்கூடத் தெரியாது. உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி, அதைச் சட்டென்று போக்குவது ஏசிதான். கொல்லிமலையில் அது சொகுசு அல்ல, பாதுகாப்பு.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய பரீட்சை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கும்போது சூடேறி, அந்த ஈரம் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் இது. சமவெளியில் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வாங்கியதும் முதல் செலவாக இதைச் செய்துவிடுங்கள். அதற்காக எந்நேரமும் பிரேக்கையே நம்பவும் கூடாது. ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய், ஈர ரோட்டில் வழுக்கும்.

சென்னை வண்டி என்றால், அடிப்பாகத்தில் உப்புக்காற்றுத் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் என்று நீரில் மூழ்கிய கார்கள் அங்கே ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சேலத்தில் வாங்குபவர்களுக்கு ஏற்காடு ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. நாமக்கல்லில் வாங்கினால் காரவள்ளிக்கே கொண்டுபோகலாம். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு சில வளைவுகள் ஏறி, மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, கிளட்ச் கருகல் வாசனை வருகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். மலைக்கு வர மாட்டேன் என்று விற்பவர் மறுத்தால், அதுவே ஒரு பதில்தான்.

ஆர்.சி. மாற்ற படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.