சிங்கியில் தண்ணீர் நின்றால் யாரை அழைப்பது?

ஒரு மணி நேர மழைக்கே தாமான் வீதியில் தண்ணீர் ஏறிவிட்டால் நாம் முதலில் திட்டுவது நகராண்மைக் கழகத்தை. அதில் பல வேளைகளில் நியாயமும் உண்டு. ஆனால், வீட்டுச் சிங்கியில் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போது யாரிடம் போவதென்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. நகராண்மைக் கழகம், இண்டா வாட்டர், பிளம்பர் என்று மாறி மாறி அழைத்து அலுத்துப் போகிறோம்.

நம் நாட்டில் மழைநீர் ஓடும் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி அமைப்புகள். சாலையோரக் கால்வாயைப் பொதுவாக ஊராட்சி மன்றங்கள் பார்த்துக்கொள்கின்றன. நிலத்தடியில் ஓடும் பொதுக் கழிவுநீர்க் குழாய், தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் இண்டா வாட்டரின் பொறுப்பு. வீட்டிலிருந்து அந்தப் பொதுக் குழாயில் சேரும் வரையுள்ள குழாய் வீட்டுக்காரருடையது. தோட்டத்து லயன்களில் நிலைமை வேறு. அங்கே தொழிலாளர் வீடுகளையும் சுற்றுப்புறத்தையும் நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் முதலாளி மீது வைத்திருக்கிறது. இதை அறியாமல், லயன் கால்வாய் நாறினாலும் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு.

அடைப்பு எங்கே என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. சிங்கி மட்டும் அடைத்தால் கோளாறு உங்கள் குழாயில். கழிவறை, குளியலறை, சிங்கி மூன்றும் ஒரே நேரத்தில் பின்வாங்கினால் வீட்டின் முதன்மைக் குழாயிலோ அதற்கு அப்பாலோ அடைப்பு. வெளியே மேன்ஹோல் மூடி வழியே கழிவுநீர் பொங்கினால் இண்டா வாட்டருக்குத்தான் முதல் அழைப்பு.

ஆனால் அந்த மேன்ஹோலையே நாம் மூடிவிட்டால்? வரிசை வீடுகள் பலவற்றில் பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டும்போது மேன்ஹோல் மீதே சிமெண்டு போட்டு, டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு அடைப்பெடுக்க வருபவர் தரையை உடைக்க வேண்டும். ஒரு வீட்டின் நீட்டிப்பு அந்த வரிசைக்கே தொல்லையாகிறது.

2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை வீசுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும் 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்க வழி செய்யப்பட்டுள்ளது. கால்வாயில் பாட்டிலை வீசுபவர் பிடிபடலாம். சிங்கியில் எண்ணெய் ஊற்றுபவரை யார் பார்க்கிறார்கள்?

தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெய் பார்ப்பதற்குத் தண்ணீர் போலத்தான் ஓடும். குழாய்க்குள் அது ஆட்டுக் கொழுப்பு, நெய், தேங்காய்ப்பால், சோறு, சோப்பு எல்லாவற்றோடும் சேர்ந்து பசையாகப் படிகிறது. பழைய வீடுகளில் சிங்கித் தண்ணீர் நேராகக் கால்வாய்க்கே போவதால், அந்தப் பசை அங்கும் குப்பையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆறிய எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்து வைத்தால் காசு கொடுத்து வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள், அது பயோடீசலாகிறது. சட்டியைக் கழுவும் முன் பழைய நாளிதழால் துடைத்துவிட்டு, சிங்கி வாயில் ஒரு சல்லடையும் போட்டு வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

அடைத்துவிட்டால், முதலில் ரப்பர் பம்பால் அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் சிங்கிக்கு அடியில் வாளி வைத்து, வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவுங்கள். பெரும்பாலும் அழுக்கு அங்கேதான் இருக்கும். அடைப்பெடுக்கும் ரசாயனத்தைப் பிளீச்சுடனோ வேறு அமிலத்துடனோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

வீட்டளவில் செய்வது மட்டும் போதாது. நூற்றுக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைக்கும் கோயில்களும் திருமண மண்டபங்களும் கொழுப்புத் தடுப்புத் தொட்டி வைத்திருக்கின்றனவா? அதை யாராவது முறையாகத் துப்புரவு செய்கிறார்களா? குடியிருப்பாளர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கலாம். எண்ணெய் சேகரிக்கும் ஒரு பீப்பாயைத் தாமானில் வைக்கலாம். கால்வாய் வாரப்படவில்லை என்று நகராண்மைக் கழகத்திடம் உரக்கக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் பக்கத்துக் குழாயைச் சுத்தமாக வைத்திருந்தால் அந்தக் குரலுக்கு வலு கூடும்.