உரிமைச் சட்டம் யார் கையைக் கட்டும்?

தேசிய அளவில் மனித உரிமைச் சட்டம் இல்லாமலேயே காலம் தள்ளிவரும் மக்களாட்சி நாடு ஆஸ்திரேலியா. பாதிரியார் ஃபிராங்க் பிரென்னன் தலைமையிலான குழு 35,000க்கும் மேற்பட்ட மனுக்களைப் பெற்று, அப்படியொரு சட்டம் வேண்டும் என்று 2009இல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அரசு அதை நிராகரித்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று அதே பரிந்துரையை மீண்டும் முன்வைக்க, விவாதம் சூடுபிடித்திருக்கிறது.

எதிர்ப்பவர்களின் முதன்மையான அச்சம் இதுதான்: மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தை, யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் ஆட்டிப்படைப்பார்கள். புறந்தள்ளக் கூடிய அச்சமல்ல இது. விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் அடிப்படை உரிமைகள் அரசமைப்பிலேயே இருக்கின்றன. அதனால் அவற்றுக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்க முடியும். ஆஸ்திரேலியாவில் கேட்கப்படுவது அதுவல்ல. நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டம். அதை நாடாளுமன்றமே திருத்தலாம், நீக்கலாம். மற்ற சட்டங்களை ரத்துசெய்யும் அதிகாரம் அதனால் நீதிபதிகளுக்கு வராது. அமைச்சரும் அதிகாரிகளும் ஒரு முடிவெடுக்கும் முன் அது யாருடைய உரிமையைப் பாதிக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு விக்டோரியா மாநிலம் சாட்சி. அங்கே 2006 முதல் இத்தகைய சட்டம் உண்டு. 2016இல் சிறார் காப்பகம் ஒன்றில் கலவரம் மூண்டபோது, சிறுவர்கள் சிலரைப் பெரியவர்களுக்கான பார்வன் உயர்பாதுகாப்புச் சிறைக்கு மாற்றியது அரசு. அவர்களின் உரிமையை முறையாகப் பரிசீலிக்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் அந்த முடிவைச் சட்டவிரோதம் என்றது. நீதிமன்றம் எந்தச் சட்டத்தையும் ரத்துசெய்யவில்லை. அரசின் அவசர முடிவைத்தான் தடுத்தது.

தேசிய அளவில் அந்தத் தடுப்பு இல்லை. நாடற்ற ஒருவரைக் காலவரம்பின்றி அடைத்துவைக்கலாம் என்று 2004இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மாறுவதற்கு 2023 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இடைக்காலத்தில், அகதிகள் என ஏற்கப்பட்ட இலங்கைத் தமிழர்கள் சிலரும், உளவுத்துறையின் பாதகமான அறிக்கையைக் காரணம் காட்டி ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டார்கள். அறிக்கைக்கான காரணம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இது உரிமை மீறல் என்று 2013இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கூறியது. ஆனால் அக்குழுவின் சொல் ஆஸ்திரேலிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

புதிய சட்டம் எல்லா அநீதியையும் தீர்த்துவிடும் என்று சொல்ல முடியாது. குயின்ஸ்லாந்து அரசு 2023இல் தன் சொந்த உரிமைச் சட்டத்தையே ஒதுக்கிவைத்து, சிறார் ஜாமீன் விதிகளைக் கடுமையாக்கியது. ஆனால் அதை மறைவாகச் செய்ய இயலவில்லை. உரிமையை மீறுகிறோம் என்று சட்டமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்தது. அதனால் மக்கள் கேள்வி கேட்க வழி பிறந்தது.

ஆக, இந்தச் சட்டம் கட்டுவது நாடாளுமன்றத்தின் கையை அல்ல. எண்ணிப்பாராமல் முடிவெடுக்கும் அதிகாரத்தின் கையை. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் இனியும் தள்ளிப்போடாமல் அதை நிறைவேற்ற வேண்டும்.