நாய்க்கு ஒருநாள் டூர்

சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி மகள் வாட்சப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு கருப்பு நாட்டு நாயோடு நிற்கிறாள். "காப்பகத்து நாய் பெரியப்பா. இன்னைக்கு ஒருநாள் வெளிய கூட்டிட்டு வந்தேன். சாயங்காலம் கொண்டுபோய் விடணும்."

டீக்கடையில் காட்டினேன். "நாய்க்கு டூராடா!"ன்னு ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

அப்புறம் அவள்தான் விவரம் சொன்னாள். அமெரிக்காவில் 51 காப்பகங்களில் ஆராய்ச்சி பண்ணி 2023ல் வெளியிட்டிருக்கிறார்கள். இப்படி வெளியே போய்வந்த நாய்க்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு 5 மடங்காம். ஒன்றிரண்டு ராத்திரி ஒரு வீட்டில் தங்கி வந்தால் 14 மடங்கு. நியாயம்தானே? சந்தையில் மாட்டையே நடக்கவிட்டுப் பார்த்துத்தானே வாங்குறோம். கூண்டுக்குள்ள குலைக்கிற நாயை எவன் கேட்பான்?

அதனால் சிரிச்சதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு கேள்வி. அந்த நாய் காப்பகத்துக்கு எப்படி வந்துச்சு?

பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஜாதி நாய் வாங்கி, சலிச்சதும் ரோட்டில் விடுகிறீர்கள். நாங்க யோக்கியமா? எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் கடுவன் குட்டிக்குப் போட்டி. பொட்டைக் குட்டியைச் சீந்த ஆள் கிடையாது. பதினைஞ்சு வருஷம் முன்னாடி மூணு பொட்டைக் குட்டிகளை சிமெண்டு சாக்கில் போட்டு மருதையாற்றுப் பாலத்துக்கிட்ட விட்டுட்டு வந்தவன் நான். தாய் நாய் மூணு நாள் கொல்லையைச் சுத்திச் சுத்தித் தேடுச்சு. என் மக்காச்சோளத்துக்கு ராத்திரி பூரா பன்னிக் காவல் இருந்ததும் அந்தப் பொட்டை நாய்தான்.

சென்னை மாநகராட்சி 1996லேயே நாயைக் கொல்லுறதை விட்டுட்டு கருத்தடைக்கு மாறிடுச்சு. 2023ல் வந்த மத்திய அரசு விதி, ஊராட்சிக்கும் அந்தப் பொறுப்பு உண்டுங்குது. எங்க ஊருக்கு இன்னும் ஒரு வண்டி வரல. கிராம சபையில் தெருவிளக்கு கேக்குறோம், இதை யாரும் கேக்குறதில்ல. அடுத்த கூட்டத்தில் நான் கேட்பேன்.

பட்டணத்து சொந்தங்களே, கூட்டிட்டுப் போங்க, போட்டோவும் எடுங்க. ஆனா அது நாய்க்கு வீடு தேடுற போட்டோவா இருக்கணும், உங்க லைக்குக்கு இல்ல. காசு கொடுத்துக் குட்டி வாங்குறதை நிறுத்துங்க. காப்பகத்தில் பொட்டையா பார்த்துக் கேளுங்க.

தம்பி மகள்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். வாடகை வீடு, வீட்டுக்காரர் நாய் வளர்க்க விடமாட்டாராம். "அதுவும் பொட்டைதான் பெரியப்பா"ன்னா.

ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, முறையா எழுதி வாங்கிக் கூட்டிட்டு வாம்மா. கொல்லையில் இடம் இருக்கு.