எட்டிய தூரத்துக்கும் மதிப்பெண் வேண்டும்



உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையின் ஒட்டுமொத்தப் பட்டியலில் 2019 முதல் சென்னை ஐ.ஐ.டி.தான் முதலிடத்தில் வருகிறது. அதன் தகுதியில் ஐயமில்லை, அளவுகோலில்தான் ஐயம். அந்தப் பட்டியலில் நூற்றுக்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கு, 10 மதிப்பெண் வெளியார் மனத்திலுள்ள மதிப்புக்கு. கல்லூரிகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. அதிலும் இந்த 10 தொடர்கிறது. பெயர் பெற்ற இடத்துக்கே மேலும் பெயர் சேர்கிறது. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியையும் வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரியையும் வெளியூரில் யார் அறிவார்?

பெண்கள், ஏழை மாணவர்களுக்கான வாய்ப்புக்கும் மதிப்பெண் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அது பெரும்பாலும் தலையைத்தான் எண்ணுகிறது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வில் வடிகட்டி எடுக்கப்பட்டவரையும், ஆங்கிலப் பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதிப் படித்துத் தேறும் முதல் தலைமுறை மாணவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து மாணவரை ஒரு நிறுவனம் எவ்வளவு உயர்த்தியது என்பதற்கும் மதிப்பெண் வேண்டும்.

— வாசகர், மணலி