தொழிலாளரும் நூல்நிலையமும்

நூல்நிலையம் யாருக்கு உரியது? ஓய்வும் செல்வமும் படைத்தோர்க்கே என்று நம்மவருட் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்படுகின்றது. வாடகை வீட்டில் வாழ்வோரும் தம் வாடகையின் வழியே அவ்வரியைச் சுமக்கின்றனர். ஆதலின் நல்லூரிற் பனியன் தைக்கும் ஆடவரும் பெண்டிரும் நூல்நிலையத்துக்கு உரிமையுடையவரே.

எனினும், காலையிற் கம்பெனிக்குச் சென்று இரவில் மீள்வோர்க்குப் பகலில் மட்டுந் திறந்திருக்கும் நூல்நிலையத்தாற் பயன் யாது? அவர் வர இயலாதாயின், நூல் அவரிடம் செல்லுதல் வேண்டும். இது புதுவது அன்று. 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை என்பார் நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுற்றூர்களுக்கு அனுப்பினார். நூலகவியலறிஞர் சீர்காழி அரங்கநாதனார் அதனைத் தொடங்கி வைத்தார். படிப்போர் ஒவ்வொருவருக்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதை, அவ்வாண்டிலேயே வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு விதியாகவும் வகுத்தார்.

மாட்டுவண்டிக்கு இயன்றது மோட்டார் வண்டிக்கு இயலாதோ? சனிக்கிழமை கூலி பெற்று ஞாயிறன்று ஓய்ந்திருக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு, அந்த ஞாயிறன்றே நூல்வண்டி செல்லுதல் வேண்டும். வடநாட்டிலிருந்து வந்து உழைப்போர்க்கென இந்தி, ஒடியா நூல்கள் சிலவும் அதில் இருத்தல் நன்று. மாணவராகிய நாம் விடுமுறை நாட்களில் இப்பணிக்குத் துணை நிற்கலாம். வரி கொடுப்பவர் கையில் நூலும் சேர்தல் முறையன்றோ!